சாமி மலையேறாவிட்டால்

குலசை தசராவைப் பார்த்தவங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. முத்தாரம்மனுக்கு விரதமிருந்து, காப்புக் கட்டி, காளி, குரங்கு, போலீஸ் என்று வேஷம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்குவார்கள். பத்தாம் நாள் ராத்திரி சூரசம்ஹாரத்துக்குக் குலசேகரன்பட்டினம் கடற்கரையே நிறைந்துவிடும். மேளம் ஏற ஏறப் பலருக்குச் சாமி வரும்.

"இதெல்லாம் ஒரு மனநோய்தானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மனநல மருத்துவமே அப்படிச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், ஐசிடி-11இல், ஆவேச நிலைக்குத் தனித் தலைப்பு இருப்பது உண்மை. ஆனால் நிபந்தனைகளோடு இருக்கிறது: அது அவர் விருப்பத்தை மீறி வரணும், அவருடைய சமூகம் ஏற்ற சடங்கின் பகுதியாக இருக்கக் கூடாது, வாழ்க்கையைக் குலைக்கணும். குலசையில் ஆடுகிறவருக்கு மேளம் நின்று திருநீறு பூசினதும் சாமி மலையேறிடும். தண்ணி குடிப்பார், மறுவாரம் வேலைக்குப் போவார். இதில் வைத்தியம் பார்க்க எதுவுமில்லை.

மலையேறவே இல்லை என்றால்? சிக்கல் அங்கேதான்.

நல்லா இருந்த ஓர் இளம்பெண்ணுக்குத் தலைவலி, காய்ச்சல். சில நாளில் தூக்கம் போகிறது. யாரோ பேசுவது கேட்கிறது, கத்துகிறாள், அப்புறம் பேச்சே நின்றுவிடுகிறது. வாயும் முகமும் தானாகக் கோணுகின்றன. வலிப்பும் வருகிறது. நம்ம ஊரில் இதைப் பேய் என்போம். பல நாட்டு மருத்துவர்களும் வெகுகாலம் மனச்சிதைவு என்றுதான் நினைத்தார்கள். 2007இல் ஜோசப் டால்மாவ் குழு இதன் காரணத்தைக் கண்டுபிடித்தது. உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையிலுள்ள என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்குகிறது. சில பெண்களுக்குச் சினைப்பையில் இருக்கும் ஒரு கட்டி இதைத் தூண்டிவிடுகிறது.

எம்ஆர்ஐ ஸ்கேன் பல நேரம் சாதாரணமாகவே இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. முதுகுத்தண்டு நீரை எடுத்து, அதில் அந்த எதிர்பொருள் இருக்கிறதா என்று பார்க்கணும். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், ரத்த பிளாஸ்மா மாற்று, கட்டி இருந்தால் அறுவை சிகிச்சை. 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இரண்டு வருஷத்தில் சுமார் 80 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். மந்திரிக்க அலைகிற மூணு வாரம்தான் இங்கே விலை.

அப்போ கோயிலுக்கே போகக் கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராமும் சக ஆய்வாளர்களும் ஒரு தமிழகக் கோயிலில் தங்கிய 31 பேரைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் அங்கே இருந்தார்கள், கோயிலில் சின்னச் சின்ன வேலை செய்தார்கள், மாத்திரை இல்லை. அறிகுறிகளை அளக்கும் மதிப்பெண் சுமார் 20 சதவீதம் குறைந்தது. ஒப்பிட வேறொரு குழு இல்லாத ஆய்வு, ஆகவே ரொம்பத் துள்ள வேண்டாம். ஆனாலும் அடிக்காமல், கட்டிப்போடாமல், மனுஷனாக நடத்துகிற இடம் உதவும் என்பதை நம்புகிறேன். அதற்கு நேர்மாறு 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி: சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள்.

எனவே நேர்த்திக்கடன் இருக்கட்டும். காய்ச்சல், வலிப்பு, நாள்கணக்கில் தூக்கமின்மை, திடீர்க் குழப்பம் இவை சேர்ந்து வந்தால் அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மாதிரி நரம்பியல் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கிற இடத்துக்குப் போங்க. வலிப்பு வந்ததைக் கட்டாயம் சொல்லுங்க, முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்க.