தம்பியை பாதியில் வேற காலேஜுக்கு மாத்தலாமா? ஒரு அம்மாபேட்டை வீட்டுக் கணக்கு

மாசம் 38,000 சம்பளம் வாங்குற ஒருத்தர், தம்பி ஃபீஸுக்கு பெர்சனல் லோன் எடுக்கலாமான்னு கேட்டு என் ஆபீஸுக்கு வந்தார். வீடு சேலம் அம்மாபேட்டை. அப்பாவுக்கு சொந்தமா ரெண்டு தறி. தம்பி கோயம்புத்தூர்ல ஒரு தனியார் காலேஜ்ல பி.காம். முதல் வருஷம் முடிச்சிருக்கான். ஃபீஸ் வருஷத்துக்கு 1,40,000, ஹாஸ்டல் 95,000.

"லோன் இருக்கட்டும், சேலத்துலயே ஒரு காலேஜுக்கு மாத்த முடியுமான்னு பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். முகம் சுருங்கிருச்சு. "அப்பா தெரு பூரா சொல்லி வெச்சிருக்காருங்க சார்."

உங்கள்ல பல பேர் இதே இடத்துல இருப்பீங்க. வேலைக்குப் போய் ரெண்டு வருஷம்கூட ஆகியிருக்காது, அதுக்குள்ள தம்பி தங்கச்சி படிப்புச் செலவு உங்க தலையில. அதனால கணக்கைப் போட்டே பார்த்துடலாம்.

அங்கேயே தொடர்ந்தா மீதி ரெண்டு வருஷத்துக்கு 4,70,000. சேலத்துல வீட்ல இருந்து போனா, அவர் விசாரிச்ச காலேஜ்ல ஃபீஸ், பஸ், புத்தகம், வீட்டுச் சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 60,000. நேரா இரண்டாம் வருஷத்துல சேர்த்துக்கிட்டா மொத்தம் 1,20,000. மிச்சம் மூணரை லட்சம்.

ஆனா மறுபடி முதல் வருஷத்துல இருந்து படிக்கச் சொன்னா? மூணு வருஷச் செலவு 1,80,000. வேலைக்குப் போறது ஒரு வருஷம் தள்ளிப் போகும். மாசம் 15,000-ன்னு வெச்சா அது ஒரு 1,80,000. ஆக 3,60,000. அப்பவும் 1,10,000 மிச்சம்தான், ஆனா ஒரு வருஷம் போறது அந்தப் பையனோட வயசு. அந்த முடிவை அவன்தான் எடுக்கணும், நீங்களோ நானோ இல்ல.

போன வருஷம் கட்டின 2,35,000 இந்தக் கணக்குல எங்கேயுமே வராது. "அவ்ளோ கட்டிட்டோமே"ன்னு எல்லா வீட்லயும் சொல்றாங்க. இருந்தாலும் போனாலும் அது திரும்பி வராத காசு.

இப்ப லோன். 2,35,000-ஐ 14% வட்டிக்கு மூணு வருஷத்துக்கு எடுத்தா இ.எம்.ஐ. சுமார் 8,030. வட்டி மட்டும் 54,000 பக்கம். அதுவும் ஒரே ஒரு வருஷச் செலவுக்கு. அடுத்த வருஷம் இன்னொரு லோன்.

"வரியில கழிச்சுக்கலாம்ல?"ன்னு கேட்டார். முடியாது. கல்விக்கடன் வட்டிக்கான 80இ கழிவு உங்களுக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கு மட்டும்தான். தம்பி அதுல வர மாட்டான். 80சி-யில வர்ற டியூஷன் ஃபீஸும் சொந்தப் பிள்ளைகள் ரெண்டு பேருக்குத்தான். இந்த ரெண்டுமே பழைய வரிமுறையில மட்டும். பெர்சனல் லோனுக்குப் படிப்பு பேரைச் சொல்லி எந்தச் சலுகையும் கிடையாது. கடன் வாங்கியே ஆகணும்னா தம்பி பேர்ல கல்விக்கடனா வாங்குங்க. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்ல, பின்னாடி அவன் சம்பளத்துல கட்டும்போது 80இ அவனுக்குக் கிடைக்கும். ஏற்கெனவே கல்விக்கடன் ஓடுதுன்னா, காலேஜ் மாறும் முன்னாடியே பேங்க்ல எழுதிக் குடுத்துடுங்க.

சரி, மாத்துறது எப்படி? சிக்கலே இங்கதான். கோயம்புத்தூர் காலேஜுகள் பாரதியார் பல்கலைக்கழகம்; சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் 1997-ல வந்த பெரியார் பல்கலைக்கழகம். ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ள மாறுறது ஓரளவு சுலபம். வேற பல்கலைக்கழகம்னா முடிச்ச பேப்பர்களைப் புது சிலபஸோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. விட்டுப்போன பேப்பரை எழுதச் சொல்வாங்க. தன்னாட்சிக் கல்லூரியா இருந்தா சிலபஸ் இன்னும் வித்தியாசப்படும். அதனால மார்க் ஷீட்டோட சிலபஸ் காப்பியையும் எடுத்துட்டுப் போங்க. இரண்டாம் வருஷத்துல இடம் காலியா இருக்கணும், பல்கலைக்கழக அனுமதியும் வேணும்.

அரசு கலைக் கல்லூரியில செலவு இன்னும் கம்மி. ஆனா நடுவுல இடம் கிடைக்கிறது கஷ்டம். அதையே நம்பி உட்காராதீங்க. கவுன்சிலிங்ல சேர்ந்த பி.இ. மாணவர்னா முதல் பட்டதாரி சலுகை, 7.5% ஒதுக்கீட்டுச் சலுகை மாறின பிறகும் தொடருமான்னு முதல்லயே எழுத்துல கேட்டு வாங்குங்க. அது போயிட்டா புதுசா சேர்ற "கம்மி ஃபீஸ்" காலேஜே பழசை விட அதிகமா ஆயிடும்.

கட்டின ஃபீஸைத் திரும்பக் கேட்கலாமான்னா, முதல் வருஷ ஆரம்பத்துல மட்டும்தான் வழி. யு.ஜி.சி. 2018 அக்டோபர் அறிவிப்புப்படி, சேர்க்கைக்கான கடைசி தேதிக்கு 15 நாள் முன்னாடியே விலகினா, சின்னதா ஒரு செயலாக்கக் கட்டணம் போக முழுத்தொகை. அந்தத் தேதி தாண்டி 30 நாள் ஆயிட்டா ஒண்ணும் இல்ல. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காலேஜ் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னும் அதே அறிவிப்பு சொல்லுது. சரிபார்த்துட்டு அப்பவே திருப்பிக் குடுக்கணும்.

அம்மாபேட்டை பையனுக்கு இரண்டாம் வருஷத்துலயே இடம் கிடைச்சுது, மூணு பேப்பர் கூடுதலா எழுதணும். அப்பாகிட்ட அவனே பேசிட்டானாம். பழைய காலேஜ்ல டி.சி. கேட்டு எழுதினது மட்டும், புது காலேஜ் சேர்க்கை லெட்டர் கையில வந்த மறுநாள்தான். நான் அடிச்சுச் சொன்னதே அது ஒண்ணைத்தான்.