அளவு சொல்லும் ஆள்

அகமதாபாத்தின் தீன் தர்வாஜாவை காலை ஏழு மணிக்குப் படமெடுத்தால் பொம்மை வாசல் போலத் தெரியும். கடை இல்லை, கூட்டம் இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் சுல்தான் அகமது ஷா எழுப்பிய வாசலின் பிரம்மாண்டத்தைச் சொல்ல படத்தில் எதுவுமே இல்லை. பதினொரு மணிக்கு வாருங்கள். மூட்டைகள் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று 17 அடி அகல நடு வளைவுக்குள் நுழைகிறது. தலைக்கு மேல் 25 அடி உயரம் சட்டென்று உறைக்கிறது.

ஆள் வளைவின் கீழே இருக்க வேண்டும். கேமரா பக்கத்தில் நின்றால் அவர்தான் கோபுரம், வாசல் குட்டிச் சுவர்! வைடு ஆங்கிள் லென்ஸை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். பத்ரா கோட்டைப் பக்கம் பின்வாங்கி டெலி லென்ஸில் எடுப்பதே மேல். பின்வாங்க நடைபாதைக் கடைகள் இடம்விட்டால்தான்.

அந்தத் தார்ப்பாய்களுக்கு நடுவே ஒரு கல்வெட்டு. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு என்று 1812-இல் மராட்டிய ஆளுநர் சிம்னாஜி ரகுநாத் பிறப்பித்த ஆணை. தினமும் அதைக் கடக்கும் பெண்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? பதினொரு மணிப் படத்தில் அது வெறும் புள்ளி. அதற்காகவாவது இன்னொரு நாள் ஏழு மணிக்கே வர வேண்டும்.