செஞ்சி கே. எஸ். மஸ்தான்

செஞ்சி கே. எஸ். மஸ்தான் தமிழ்நாட்டு அரசியல்வாதியும் முன்னாள் அமைச்சரும் ஆவார். திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சேர்ந்த இவர், விழுப்புரம் மாவட்டம் செஞ்சி தொகுதியிலிருந்து 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியலில் பெயர் பெறுவதற்கு முன் செஞ்சியில் தேநீர்க் கடை நடத்தியவர்.

பின்னணி

விழுப்புரம் மாவட்ட அரசியலில் மாநில அளவில் அறியப்பட்டவர்கள் பெரும்பாலும் படிப்பின் வழியாக வந்தவர்கள். விழுப்புரத்தில் பலமுறை வென்ற க. பொன்முடி கல்லூரிப் பேராசிரியர். 2001, 2006 தேர்தல்களில் திண்டிவனத்திலும், 2011, 2016 தேர்தல்களில் விழுப்புரத்திலும் வென்ற சி. வி. சண்முகம் வழக்கறிஞர். மஸ்தானுக்கு மேடையும் நீதிமன்றமும் இல்லை, கடைதான் இருந்தது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள செஞ்சி, சுற்றுக் கிராமத்து விவசாயிகள் நெல் மூட்டையோடு வந்து போகும் ஊர். இத்தகைய ஊர்களில் தேநீர்க் கடை என்பது நாளிதழ் படிக்கும் இடம், கட்சிக்காரர்கள் கூடும் இடம், ஊர் வழக்குகள் பேசித் தீரும் இடம். கடைக்காரருக்கு ஊரில் முகம் தெரியாதவர் குறைவு.

பேரூராட்சித் தலைவர்

நீண்ட இடைவெளிக்குப் பின் 1986இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மஸ்தான் செஞ்சி பேரூராட்சித் தலைவரானார். அதிலிருந்து ஐந்து முறை அப்பொறுப்பில் இருந்தார். இவரது அரசியல் வாழ்வில் மிக நீண்ட பகுதி இதுவே. ஆனால் செய்திகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். பேரூராட்சியின் வேலை குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், குப்பை, வீட்டு வரி என்பதோடு நிற்பதில்லை. சந்தைக் குத்தகை, பேருந்து நிலையக் கடை ஏலம், தொழில் உரிமம் ஆகியவையும் அதன் கையில் உள்ளன. இவற்றின் சுமை என்ன என்பது கடை நடத்தியவருக்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் வரவில்லையென்றால் மக்கள் தலைவரின் வீட்டு வாசலுக்கே வருவார்கள். சட்டமன்ற உறுப்பினருக்குள்ள தூரம் இங்கே கிடையாது.

சட்டமன்றத்தில்

2011இல் தி.மு.க. கூட்டணியில் செஞ்சி தொகுதி பாட்டாளி மக்கள் கட்சிக்கு ஒதுக்கப்பட்டது, அக்கட்சியே வென்றது. 2016இல் தி.மு.க. வேட்பாளராகப் போட்டியிட்ட மஸ்தான், அ.தி.மு.க. வேட்பாளரைத் தோற்கடித்தார். 2021இல் பா.ம.க. எதிரணியில் நின்றது. வன்னியர் வாக்குகள் மிகுந்த, அக்கட்சி ஏற்கெனவே வென்றிருந்த தொகுதியில், சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அதன் வேட்பாளர் எம். பி. எஸ். இராசேந்திரனை 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். கூட்டணிக் கணக்கும் அந்த ஆண்டின் அலையும் இதற்குத் துணை நின்றன என்பதை மறுக்க இயலாது. ஆயினும் முப்பது ஆண்டு உள்ளூர்ப் பழக்கத்தை ஒதுக்கிவிட்டு இவ்வெற்றியை விளக்குவது கடினம்.

அமைச்சர்

2021 மே 7 அன்று மு. க. ஸ்டாலின் அமைச்சரவையில் சிறுபான்மையினர் நலம், வெளிநாடு வாழ் தமிழர் நலத்துறை அமைச்சராகப் பொறுப்பேற்றார். வக்பு வாரியமும் அகதிகள் நலனும் இவரது பொறுப்பில் இருந்தன. இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம்கள் 'மறுவாழ்வு முகாம்கள்' எனப் பெயர் மாற்றப்பட்டதும், அங்கு 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டதும் 2021 ஆகத்தில். சனவரி 12 அயலகத் தமிழர் நாளாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 2022இல் உக்ரைன் போரிலிருந்து தப்பி வந்த மாணவர்களைச் சென்னை விமான நிலையத்தில் வரவேற்றவர்களில் இவரும் ஒருவர்.

2022 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் இவருடைய மகன் மொக்தியார் மஸ்தான் செஞ்சி பேரூராட்சித் தலைவரானார். தந்தைக்குப் பல ஆண்டு உழைப்பில் கிடைத்த நாற்காலி அது. மகனுக்கு அந்த வழி எவ்வளவு எளிதாயிற்று என்ற கேள்வி எழுவது இயல்பு.

2024 செப்டம்பர் இறுதியில் நடந்த அமைச்சரவை மாற்றத்தில் மனோ தங்கராசு, கா. இராமச்சந்திரன் ஆகியோருடன் மஸ்தானும் விடுவிக்கப்பட்டார். சிறுபான்மையினர் நலத்துறை ஆவடி சா. மு. நாசரிடம் சென்றது. மஸ்தான் செஞ்சியின் சட்டமன்ற உறுப்பினராகத் தொடர்ந்தார்.