தோல் ஆராய்ச்சிக் கூடமும் நம் கிணறுகளும்

திண்டுக்கல் என்றதும் வெளியூரார் பூட்டைப் பற்றிப் பேசுவர். நம் வட்டாரத்து விவசாயிகளோ பூட்டுக்கு முன்னர்த் தோலைப் பற்றிப் பேசுவர். அதிலும் தோலின் விலையைவிடக் கிணற்று நீரின் சுவையைப் பற்றியே மிகுதியும் பேசுவர். காரணம் யாவரும் அறிந்ததே. ஆவாரம்பட்டையைக் கொண்டு ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிட்ட காலத்தில் இத்தொழில் இந்நகருக்குப் பெயரும் பணமும் தேடித் தந்தது. பின்னர்க் குரோமிய உப்பு வந்தது, வேலை விரைந்தது, கழிவு நீரும் பெருகியது.

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றி வழங்கிய தீர்ப்பில் நம் மாவட்டமும் இடம் பெற்றுள்ளது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பை அத்தீர்ப்பு எடுத்துக் கூறுகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுவிட்டன என்பது அதன் முடிவு. நான்கு கிணறுகளில் மூன்று என்று வைத்துக் கொள்ளலாம்.

இந்நிலைக்கு விஞ்ஞானம் என்ன செய்தது என்று ஊராட்சிக் கூட்டங்களில் நம்மைக் கேட்பவர் பலர். நியாயமான கேள்வி. அதற்கு விடை காணச் சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலையை அறிந்து கொள்ள வேண்டும்.

விஞ்ஞானத் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின்கீழ் மத்திய அரசின் பணத்தில் இயங்கும் இந்நிறுவனத்துக்கு 1948 ஏப்ரல் 24ஆம் நாள் டாக்டர் சியாமா பிரசாத் முகர்ஜி அடிக்கல் நாட்டினார். 1958 முதல் 1971 வரை இதன் இயக்குநராக இருந்தவர் டாக்டர் நாயுடம்மா. தெனாலிக்கு அருகிலுள்ள கிராமத்தில் பிறந்தவர்.

ஆராய்ச்சிக் கூடம் என்றால் கண்ணாடிக் குப்பிகளும் வெள்ளை அங்கி அணிந்தவர்களும் மட்டுமே நம் மனக்கண்முன் தோன்றுவர். அவை அங்கு உண்டு. ஆனால், அவற்றுடன் ஒரு மாதிரித் தோல் தொழிற்சாலையும் உண்டு. குப்பியில் பலித்த ஒரு முறை, டன் கணக்கில் தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர உருளையில் பலிக்குமா என்று பார்ப்பதற்கே அது அமைந்துள்ளது. ஒரு கைத்துண்டுத் தோலில் நன்கு ஏறிய மருந்து, முழுத் தோலின் தடித்த முதுகுப் பகுதியில் ஏறாமற் போகலாம். அங்கே தோற்றால் விஞ்ஞானி மறுபடியும் குப்பிக்குத் திரும்ப வேண்டியதுதான். விதை ஆராய்ச்சிப் பண்ணையில் விளைந்தது நம் கரிசல் மேட்டிலும் விளையுமா என்று பார்ப்பதற்கு இது ஒப்பாகும்.

இனி உப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம். நம் கிணறுகளின் பெரும் பகை அதுவே. உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதைத் தடுக்க உப்பிடுகிறார்கள். நூறு கிலோ தோலுக்கு ஏறத்தாழ நாற்பது கிலோ உப்பு. தோல் தொழிற்சாலையில் முதல் வேலையே அத்தோலை ஊறவைத்து உப்பைக் கழுவி விடுவதுதான். ஒரு டன் தோலுடன் வந்த 400 கிலோவில் 300 கிலோ நீரில் கலக்கிறது என்று கொள்வோம். அது மூன்று லட்சம் லிட்டர் நல்ல நீரில் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் உப்பேற்றப் போதுமானது.

சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே நுண்ணுயிர்கள் கழிவிலுள்ள அழுகும் பொருள்களைத் தின்று தீர்க்கும். குரோமியத்தைக் காரம் சேர்த்து வண்டலாகப் படியச் செய்யலாம். உப்போ எந்த நுண்ணுயிரும் தின்னாதது, படியவும் படியாது. சவ்வின் வழியே நீரை அழுத்தி வடித்து, எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி வற்றவைத்துத்தான் பிரிக்க வேண்டும். அதற்கு மின்சாரச் செலவு மிகுதி. கிடைக்கும் கலப்பு உப்பை என் செய்வது என்பது வேறு தொல்லை.

ஆகவே, உப்பு நீரில் சேராமலே தடுக்கும் வழிகளை ஆராய்ச்சியாளர்கள் தேடினர். உப்பைக் குறைத்து வேறு காப்புப் பொருள்களைச் சேர்த்தல், தோலைக் குளிரவைத்தல், ஊறப்போடுமுன் தோலை உதறி உப்பை வாரியெடுத்தல் என்பன அவற்றுட் சில. கடைசியாகச் சொன்னது எளியதாகத் தோன்றும்; ஆயினும், செலவில்லாமல் உப்பைக் குறைக்க அதைப் போன்றது வேறில்லை என்பது நம் கருத்து.

குரோமியத்தில் அடைந்த வெற்றி இன்னும் தெளிவானது. பழைய முறையில் தொட்டியிலிட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே தோல் ஏற்கும். மிச்சம் கழிவோடு போகும். அக்கழிவில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்து, படியும் வண்டலைக் கந்தக அமிலத்தில் கரைத்து, மீண்டும் பதனிடப் பயன்படுத்தும் முறையை இந்நிறுவனம் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தது. அண்மை ஆண்டுகளில், குரோமியம் ஏற்றும் கட்டத்தில் தனியாக நீர் சேர்க்காமலே பதனிடும் முறையையும் கண்டது.

இவற்றாலெல்லாம் இனிச் சேரும் கேடு குறையும். ஏற்கெனவே நிலத்தடியில் சேர்ந்த உப்பு மறைந்துவிடாது. நம் சமவெளியின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளில்தான் நீர் ஓடுகிறது. ஒருவர் கிணறு இனிக்க, அடுத்த காட்டுக் கிணறு கரிப்பதும் அதனாலேயே.

இதை உணராமல் நாமே ஒருமுறை தவறிழைத்தோம். பல ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் ஊரில் குடிநீர்க் கிணறு வற்றியதென்று மக்கள் முறையிட்டனர். நீரைப் பரிசோதிக்காமலே கிணற்றை ஆழப்படுத்த ஏற்பாடு செய்தோம். நீர் சுரந்தது, ஊரார் மாலையும் போட்டனர். மூன்றாம் நாள் ஒரு மூதாட்டி ஒரு செம்பு நீரைக் கொண்டுவந்து, “ஐயா, நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க” என்றார். குடித்தோம், விழுங்க முடியவில்லை. அடி வெடிப்பு ஒன்றில் உப்பு நீர் இருந்திருக்கிறது. ஒரு புட்டி நீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அப்பணம் மிஞ்சியிருக்கும்.

அப்புட்டியை அனுப்பும் முறை வருமாறு. சுத்தமான ஒரு லிட்டர் புட்டியை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசவும். மோட்டார் உள்ள கிணறாயின் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பின் பிடிக்கவும். திறந்த கிணறாயின் மேல்நீரைத் தவிர்த்து நடுமட்டத்தில் எடுக்கவும். கிணற்றின் சர்வே எண், நாள், ஆழம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டவும். குடிநீராயின் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கும், பாசன நீராயின் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கும் கொடுக்கவும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று. வேறு நீர் கிடைக்காதவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு.

பாசன நீர் கெட்ட நிலத்தில் உடனே ஜிப்சம் இடப் புறப்படுவோர் உண்டு. மண்ணில் சோடியம் ஏறிக் களர் ஆகியிருந்தால்தான் ஜிப்சம் உதவும். வெறும் உவராயின் நல்ல நீரால் கழுவி வடிப்பதே வழி. எது என்பதை மண் பரிசோதனையே சொல்லும்.

ஆடுமாடு வளர்ப்போருக்கும் ஒரு செய்தி. உண்ணி கடித்த துளை, வேலிமுள் கிழித்த வடு, மாட்டுக்குப் போட்ட சூட்டுத் தழும்பு, உரிக்கையில் கத்தி பட்ட வெட்டு ஆகியவை எந்த ஆராய்ச்சிக் கூடத்தாலும் நீக்க முடியாதவை. முடி நீங்கியதும் அவை பளிச்சென்று தெரியும். தோலின் தரம் இறங்கும். சூடு போட வேண்டுமாயின் தொடையின் கீழ்ப்புறம் போன்ற ஓரப் பகுதியில் போடுவது தோலுக்குச் சேதம் குறைவு. காதுவில்லை அதனினும் நன்று.

ஊராட்சிகள் கிணறுகளுக்கென ஒரு பதிவேடு வைக்கலாம். ஒரே கிணற்று நீரைக் கோடையில் ஒருமுறையும், ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் பரிசோதித்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வர வேண்டும். மூன்றாண்டுப் பதிவு கையில் இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதும் மனுவுடன் அதன் நகலை இணைக்கலாம்.