கிணற்றுக்குள் இறங்கிய மோட்டார்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் பழைய தோட்டத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்தால், பாதி ஆழத்தில் ஒரு திட்டு தெரியும். பாறையைச் செதுக்கியோ, இரும்புச் சட்டங்களைக் குறுக்கே போட்டோ அமைத்த மேடை. அதன்மேல் ஒரு மோட்டார் இருக்கும். இல்லாவிட்டால் மோட்டார் இருந்த தடமாவது இருக்கும். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் போய் மின்சாரம் வந்தது. பிறகு நீர்மட்டம் இறங்க இறங்க, மோட்டாரையும் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்கள்.

ஏன் இறக்க வேண்டும்? மோட்டாரை மேட்டிலேயே வைத்துவிட்டுக் குழாயை மட்டும் நீட்டினால் ஆகாதா? தோட்டக்காரர் யாரைக் கேட்டாலும், "அத்தனை ஆழத்துல இருந்து இழுக்காதுங்க" என்பார். அனுபவம் சொன்ன சரியான பதில். "ஏனுங்க இழுக்காது?" என்று இன்னும் ஒரு படி இறங்கிக் கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் "பவர் பத்தாதுங்க" என்பது. படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இந்தப் பதில் தவறு. ஐந்து எச்.பி.க்குப் பதில் ஐம்பது எச்.பி. மோட்டாரை மேட்டில் வைத்தாலும், கோவையில் 32 அடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் அதற்கு ஏறாது.

காரணம், பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை. உள்ளே சுழலும் இம்பெல்லர் தன்னிடமுள்ள தண்ணீரை வெளிப்பக்கம் விசிறி எறிகிறது. அதனால் அதன் நடுவில் அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின் மேற்பரப்பை வளிமண்டலம் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. குழாயின் மேல்முனையில் அழுத்தம் குறைந்ததும், அந்தக் காற்றின் எடைதான் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. பம்பின் வேலை வழிவிடுவது, தள்ளுவது காற்று. காற்றின் எடைக்கு ஓர் அளவு உண்டு. கடல் மட்டத்தில் அது சுமார் 34 அடி உயர நீரைத் தாங்கும். கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கோவையில் சுமார் 32 அடி. ஊட்டியில் காற்று இன்னும் மெலிவு என்பதால் சுமார் 26 அடிதான். குழாயின் உராய்வு, இணைப்புகளில் காற்று வாங்குவது எல்லாம் போக, நடைமுறையில் நம் ஊரில் இருபது, இருபத்தைந்து அடிக்குமேல் எதிர்பார்க்க முடியாது. மோட்டார் கிணற்றுக்குள் இறங்கியதற்கு இதுதான் காரணம். ஓட்டுவதற்குமுன் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டியிருப்பதும் இதனால்தான்: குழாயில் காற்று இருக்கும்வரை இம்பெல்லருக்கு விசிறி எறிய எதுவும் இல்லை.

இதைப் புரிந்துகொண்டவுடன் கேள்வி மாறிவிடுவதைக் கவனியுங்கள். "இன்னும் பலமாக இழுப்பது எப்படி?" என்ற கேள்விக்கு உலகத்தில் விடையே கிடையாது. "கீழிருந்து தள்ளுவது எப்படி?" என்று கேட்டால் வழிகள் திறக்கின்றன. ஜெட் பம்பு, ஏற்றிய தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்பக் கீழே பாய்ச்சி, அதன் வேகத்தால் மற்ற நீரை மேலே தள்ளுகிறது. கம்ப்ரஸர், ஆழ்குழாய்க்குள் காற்றை ஊதி, குமிழி கலந்து லேசாகிவிட்ட தண்ணீரை மேலெழ வைக்கிறது. சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து, அடுக்கடுக்கான இம்பெல்லர்களால் ஆயிரம் அடிக்குக்கூட உந்துகிறது. மூன்றும் இழுக்கும் எண்ணத்தைக் கைவிட்டவர்கள் கண்ட வழிகள்.

ஆழமாகச் சிந்திப்பது என்று நான் சொல்வது இதைத்தான். அது நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் உட்கார்ந்திருப்பதோ, நிறையத் தகவல்களைச் சேர்த்து வைத்திருப்பதோ ஆகாது. ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்பதை ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு இறங்கி, நம் அறிவு எந்த இடத்தில் அறுந்து நிற்கிறது என்று கண்டுபிடிப்பது.

தோட்டக்காரரைக் குறைசொல்ல இதில் ஒன்றும் இல்லை. கலிலியோவே இங்கே சறுக்கியிருக்கிறார். 1638-இல் வெளியான தன் நூலில், சுமார் பதினெட்டு முழத்துக்குமேல் தண்ணீரை ஏற்ற மறுத்த ஒரு பம்பைப் பற்றி அவர் எழுதினார். தொங்கும் கயிறு தன் எடையாலேயே அறுவதுபோல, நீண்ட நீர்த்தம்பமும் தன் எடை தாங்காமல் அறுந்துவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். மேலிருந்து இழுக்கும் எண்ணம் அவரையும் விடவில்லை. அவருடைய கடைசிக் காலத்தில் உடனிருந்த டாரிசெல்லி, தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை வைத்துச் சோதித்து, காற்றின் எடைதான் அந்தத் தம்பத்தைத் தாங்கி நிற்கிறது என்று 1644-இல் எழுதினார். 1648-இல் பாஸ்கல் தன் மைத்துனரைப் பிரான்சின் புய் தெ தோம் மலைமேல் பாதரசக் குழாயோடு ஏறச் சொன்னார். மலை உச்சியில் பாதரசம் தாழ்ந்து நின்றது. கோவையில் 32 அடி, ஊட்டியில் 26 அடி என்ற கணக்குக்கு அடிப்படை அந்தச் சோதனைதான்.

நம் அறிவு அறுந்து நிற்கும் இடம் ஏன் நமக்கே தெரிவதில்லை? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் என்ற இரு உளவியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஜிப், பூட்டு, கழிப்பறை ஃபிளஷ், தையல் இயந்திரம் போன்றவை எப்படி இயங்குகின்றன என்பது தங்களுக்கு எந்த அளவு தெரியும் என்று ஏழுக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பலரும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். பிறகு, அதைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்தவர்களிடம் மறுபடி மதிப்பெண் கேட்டபோது, அவர்களே தங்கள் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். நாடுகளின் தலைநகரங்கள், திரைப்படக் கதைகள் ஆகியவற்றில் இந்த அளவு சரிவு இல்லை. தலைநகரம் தெரியாவிட்டால் தெரியாதென்று உடனே தெரிந்துவிடும். இயக்கம் அப்படியில்லை, பொருளைத் தினமும் பார்ப்பதும் பயன்படுத்துவதும் புரிந்துகொண்ட உணர்வைத் தந்துவிடுகின்றன. 2006-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ரெபேக்கா லாசன் சைக்கிளை வைத்து இதையே காட்டினார். இரு சக்கரங்களையும் சுற்றிச் சங்கிலி ஓடுவதாக நினைத்தவர்கள் அவர் ஆய்வில் இருந்தார்கள். அப்படி ஒரு சைக்கிள் இருந்தால் திரும்பவே முடியாது.

மூளையையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திக் கையாளக்கூடியவை ஏறத்தாழ நான்கு விஷயங்கள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் கணித்தார். ஒரு பம்பின் கண்ணிகள் நான்கைத் தாண்டும். அதனால்தான் ஆழ்ந்து யோசிப்பவர்களுக்குக் காகிதம் தேவைப்படுகிறது, வரைபடம் தேவைப்படுகிறது, பல சமயம் ஸ்பேனரே தேவைப்படுகிறது.

கொங்கு நாட்டின் பெருமை அந்த ஸ்பேனரில் இருக்கிறது. சூலூர் அருகே கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளியில் படித்தது மிகக் குறைவு. இளம் வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்து, கோவையில் ஓட்டல் வேலை செய்து சேர்த்த காசில் அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் செய்த காரியம், அக்கக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டியது. பிரித்துப் பூட்டும்போது ஏமாற்றிக்கொள்ள இடமில்லை. புரியாத பாகம் கையில் மிஞ்சி நிற்கும். 1937-இல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பின்னாளில் நாட்டின் பம்பு உற்பத்தியில் பெரும்பங்கு வகிக்கும் ஊராகக் கோவை வளர்ந்தது அந்தப் பழக்கத்தின் நீட்சி என்றே நான் நினைக்கிறேன். ஃபவுண்டரிகளிலும் லேத் பட்டறைகளிலும் வெளிநாட்டுச் சரக்கைப் பிரித்துப் பார்த்துக் கற்றவர்களை நாம் படிக்காத மேதைகள் என்று புகழ்ந்து ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்காமல், அவர்கள் யோசித்த முறையைப் படிக்க வேண்டும்.

வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டாங்கல்லில் உரல் நிலையாக இருக்கும், குழவி சுற்றும். 1955-இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி வடிவமைத்தது முதல் நாம் அறிந்த கிரைண்டர்களில், உரல் சுற்றுகிறது, குழவி இடத்தைவிட்டு நகராமல் நிற்கிறது. கையின் அசைவை அப்படியே நகலெடுக்க முயன்றிருந்தால் சிக்கலான இயந்திரம்தான் கிடைத்திருக்கும். மாவு அரைபட உண்மையில் தேவை எது என்று கேட்டால், இரண்டு கல்லுக்கும் இடையிலான உராய்வு. எது சுற்றினாலும் மாவுக்கு ஒன்றுதான்.

ஏன், எப்படி என்று கேட்டு இறங்கும் இதே குணம் மாணவர்களிடமும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. மிஷலின் சீயும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல், இயற்பியல் கணக்குகளின் தீர்வைப் படிக்கும் மாணவர்களை வாய்விட்டு யோசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பின்னர் நன்றாகக் கணக்குப் போட்டவர்கள், படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன் வந்தது?" என்று தமக்குத்தாமே விளக்கிக்கொண்டவர்கள். "இந்த இடம் எனக்குப் புரியவில்லை" என்று அதிகம் சொன்னவர்களும் அவர்கள்தான். பின்தங்கியவர்களோ பெரும்பாலும் புரிந்துவிட்டதாகச் சொல்லிக் கடந்து போனார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரத்து மதிப்பெண் கலாச்சாரம் நினைவுக்கு வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டு உருப்போட வைப்பது தமிழ்நாட்டின் பல தனியார் பள்ளிகளில் வழக்கமாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. இப்போது அது விலக்கிக்கொள்ளப்பட்டுவிட்டது. புரியவில்லை என்று சொல்லும் பிள்ளையை நேரத்தை வீணாக்குபவனாகப் பார்க்கும் வகுப்பறையில், சீ கண்ட நல்ல மாணவன் உருவாக வழியில்லை. பம்பும் கிரைண்டரும் செய்த மண்ணில் இது நடப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

செல்போன் இன்னொரு சிக்கலைச் சேர்த்திருக்கிறது. 2015-இல் மேத்யூ ஃபிஷர், கீல் ஆகியோர் செய்த சோதனைகளில், இணையத்தில் சில விளக்கங்களைத் தேடிப் பார்த்தவர்கள், அவற்றோடு தொடர்பே இல்லாத கேள்விகளையும் தங்களால் நன்றாக விளக்க முடியும் என்று நம்பினார்கள். தேடினால் கிடைக்கும் என்ற வசதி, தெரியும் என்ற உணர்வாக மாறிவிடுகிறது.

பொதுக் காரியங்களிலும் இப்படித்தான். அத்திக்கடவு–அவினாசித் திட்டம் பற்றி இந்தப் பக்கத்தில் கருத்து இல்லாதவர் கிடையாது. பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டம், காளிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்பகுதியிலிருந்து உபரிநீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசெல்கிறது, அளவு 1.5 டி.எம்.சி. எந்த மாதம் உபரி என்று எப்படி முடிவாகிறது, ஏற்றும் மின்சாரத்துக்கு யார் செலவு செய்கிறார்கள், குளத்தில் நின்ற நீர் பாறை இடுக்கு வழியாகக் கிணற்றுக்கு எவ்வளவு போகும் என்று ஒவ்வொன்றாக விளக்கிப் பார்த்தால், ஆதரிப்பவரும் குறைசொல்பவரும் ஓர் இடத்தில் நின்றுவிடுவோம். இப்படி விளக்கச் சொன்னால் மக்களின் தீவிர நிலைப்பாடுகள் தணிகின்றன என்று பிலிப் ஃபெர்ன்பாக் குழு 2013-இல் எழுதியது. 2021-இல் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோது நிலைப்பாடு தணியவில்லை. தனக்குத் தெரிந்தது குறைவு என்ற உணர்வு மட்டும் திரும்பவும் வந்தது. அவ்வளவு கிடைத்தாலே கிராமசபையில் நல்ல கேள்விகள் எழும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காற்றழுத்தம் பாடம் நடத்தும் நாளில் பிள்ளைகளைப் பள்ளி மோட்டார் அறைக்கு அழைத்துப் போங்கள். தண்ணீர் எப்படி மேலே வருகிறது என்று ஒவ்வொருவரும் படம் போட்டு விளக்கட்டும். "இதுக்கு மேல தெரியலைங்க சார்" என்று ஒரு பிள்ளை நிற்கிற இடத்தை நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்; அதற்கு மதிப்பெண் கொடுங்கள். மறுநாள் பாடத்தை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.