வயரா, காற்றா? இணைய இணைப்பு வாங்குமுன்

சம்பூர்ப் பகுதி மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் காலம் கழித்து, 2015 முதல் படிப்படியாகத் தமது காணிகளுக்குத் திரும்பினார்கள். கிணறு, வேலி, வீடு என்று ஒவ்வொன்றாகத் தேடிய இக்குடும்பங்களுக்கு இன்று இணையமும் தேவைப்படுகின்றது. பிள்ளையின் படிப்பும், வெளிநாட்டிலுள்ள மகனின் குரலும், நெல்லின் விலையும் அதன் வழியாகவே வருகின்றன. ஆகவே மாதாமாதம் கட்டும் காசுக்கு என்ன கிடைக்கின்றது என்பதை அறிந்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் கேபிள்காரரே ஃபைபர் இணைப்பும் கொடுக்கின்றார். ஒருவர் சரியில்லையென்றால் அடுத்தவரிடம் போகலாம். எமது நாட்டில் ஸ்ரீலங்கா ரெலிகொம், டயலொக் போன்ற ஒரு சில பெரிய நிறுவனங்களே உண்டு. அத்துடன், 'வீட்டு இணையம்' என்று விற்கப்படுவதெல்லாம் ஃபைபர் அல்ல. கோபுரத்திலிருந்து காற்றில் வரும் 4ஜி இணைப்பும் அதே பெயரில் விற்பனையாகின்றது. கோபுரத்தைப் பலர் பங்கிடுவதால் மாலையில் வேகம் குறையும். எனவே முதற் கேள்வி: வயரா, காற்றா?

ஃபைபர் என்பது தலைமயிர் போன்ற கண்ணாடி நார். அதனூடாக ஒளி ஓடுகின்றது. பழைய செம்புக் கம்பி நாலைந்து கிலோமீற்றரில் களைத்துவிடும்; ஒளியோ 20 கிலோமீற்றர் வரை போகும். வழக்கமான முறையில் ஒரு நாரிலுள்ள 2.5 கிகாபிட் வேகத்தை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். 32 வீடுகளும் ஒரே நேரத்தில் பாவித்தாலும் வீட்டுக்கு 75 மெகாபிட்டுக்கு மேல் வரவேண்டும். அதற்கும் வெகு கீழே இறங்கினால் (வாங்கிய பொதி சிறியதாக இல்லாவிட்டால்) குறை பெரும்பாலும் எமது கம்பத்தில் இல்லை. நிலையத்துக்குப் பின்னாலுள்ள பெருவழி போதவில்லை என்றே கொள்ளலாம்.

பெருவழி ஒன்றே என்றால் வேறு ஆபத்தும் உண்டு. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது வடங்கள் அறுந்து பல இடங்களில் தொடர்பே நின்றது. இரண்டாவது வழி உள்ளதா என்று கிராம அபிவிருத்திச் சங்கம் எழுத்தில் கேட்கலாம். தனி ஆள் கேட்டால் பதில் வருவது அரிது.

வீட்டில் கவனிக்கவேண்டியவை சில. நாரை ஆணியைச் சுற்றி மடித்தால் ஒளி கசியும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை. பெட்டியை நிறுத்தி நிறுத்திப் போடுவதில் பயனில்லை, முறைப்பாடு செய்யுங்கள். மின்சாரம் நின்றால் ஃபைபரும் நிற்கும். சிறிய பற்றரி ஒன்று உதவும்.

விற்க வருபவர் பகல் பதினொரு மணிக்குத்தான் வேகத்தைக் காட்டுவார். ஒப்பமிடுமுன், ஏற்கெனவே இணைப்பு எடுத்த அயல்வீட்டுக்கு இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள், மழை பெய்யும் நாளென்றால் இன்னும் நல்லது.