கூந்தன்குளத்துக் கூழைக்கடாக்கள்

பொருநை பாயும் நமது திருநெல்வேலிச் சீமை குளங்கள் மலிந்த நாடு. மழைக்காலத்தில் நிறைந்து உழவனுக்கு நீரளிப்பதே அவற்றின் தொழில் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அக்குளங்களை நம்பி வாழும் வேறு குடிகளும் உண்டு, அவை நீர்ப்பறவைகள். பிற இடங்களில் அரிய நீர்ப்பறவைகளைக் காண விரும்புவோர், வழிகாட்டியுடன் தோணியேறிச் சதுப்பு நிலத்துக்குள் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கிறது. நமக்கோ அவ்வருமை இல்லை. திருநெல்வேலிக்குத் தெற்கே சுமார் 38 கிலோமீட்டர் தூரத்தில், நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளத்தில், குளக்கரையில் நின்றே கூழைக்கடாவைக் காணலாம்; ஊர்த் தெருவில் நின்று தலை நிமிர்ந்தாலும் காணலாம்.

கூழைக்கடா நாலைந்து அடி நீளமுள்ள பெரும் பறவை. அதன் மேலலகின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். கீழலகில் தோற்பை ஒன்று தொங்கும். பறவை நீந்திக்கொண்டே அப்பையைக் கைவலைபோல் நீரில் அமிழ்த்தி மீனை முகக்கும். பின் நீரை வடியவிட்டு மீனை விழுங்கும். குஞ்சுகளோ தாய்தந்தையரின் பைக்குள் தலையை நுழைத்தே உண்ணும். உயர்ந்த மரங்களில் சுள்ளிகளால் கூடு கட்டி, மூன்று அல்லது நான்கு முட்டையிடும். முட்டை பொரிக்கச் சுமார் ஒரு திங்களாகும்; குஞ்சுகள் மூன்று முதல் ஐந்து திங்கள் வரை கூட்டையும் அதன் அயலையும் விட்டு அகலா. ஆகவே ஏறக்குறைய அரையாண்டுக் காலம் இப்பறவைக்கு இரண்டு வேண்டும்: ஒன்று மீனுள்ள நீர், மற்றொன்று, கல்லெறியும் கோடரியும் அணுகாத மரம்.

இவ்விரண்டும் கிடையாவிடின் நேர்வது யாது? 1877-ஆம் ஆண்டில் ஓட்ஸ் என்னும் ஆங்கிலேயர் பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கக் கண்டெழுதினார். அப்பெருங்குடியிருப்பு பின்னர் முற்றும் அழிந்தொழிந்தது. 1906-ஆம் ஆண்டில் ரேனியஸ் என்பவர் நமது கூந்தன்குளத்துக்கு வந்து, அவ்வூரார் இப்பறவைகளை ஏறக்குறையப் புனிதமாகவே கருதுவதைக் குறித்து வைத்தார். 1935-இல் வெப்-பெப்ளோ என்பவர் வந்தபோதும் அவை அங்கேயே இருந்தன. பெரிய ஆற்றங்கரையில் அழிந்தது, சிறிய குளக்கரையில் நிலைபெற்றது.

இதற்குக் காரணம் ஊராரின் வழக்கமே. பறவைகளின் வரவு ஊருக்கு நன்மை என்பது அவர்கள் நம்பிக்கை. தீபாவளியன்றும் அவ்வூரில் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து மீனூட்டி வளர்த்ததும் உண்டு. இந்நம்பிக்கையில் உழவனின் அறிவும் கலந்திருக்கிறது. பறவைகளின் எச்சம் குளத்து வண்டலோடு கலந்து பயிருக்கு நல்ல உரமாகிறது. கூழைக்கடா நிலத்துக்குக் கூலி கொடுத்தே குடியிருக்கிறது எனலாம்.

அரசாங்கம் 1994-ஆம் ஆண்டில் கூந்தன்குளம், காடன்குளம் ஆகிய இரு குளங்களையும் சேர்த்துச் சுமார் 129 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக்கியது. 2022-இல் இது, 1971-ஆம் ஆண்டு ஈரான் நாட்டு ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையின்படி, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ரேனியஸ் கண்ட நாள் முதல் கணக்கிட்டாலும், சட்டத்துக்கு 88 ஆண்டுகள் முன்னரே ஊர் வழக்கம் இக்காவலைச் செய்து வந்தது என்பது தெளிவு. இமயத்தைக் கடந்துவரும் வரித்தலை வாத்துகளும், பூநாரைகளும், செங்கால் நாரைகளும் இக்காவலின் பயனைத் துய்க்கின்றன.

எனினும் வழக்கம் மட்டும் போதாது. இக்குளத்துக்கு நீர் வருவது மணிமுத்தாற்று அணையிலிருந்து. மழை பொய்த்துக் குளம் வறண்டால், ஊராரின் அன்பு எவ்வளவிருந்தும் பறவைகள் தங்க மாட்டா. கால்வாய் தூர்வதும், கரை மரங்கள் வீழ்வதும் உழவனுக்கு மட்டுமன்றிப் பறவைக்கும் கேடாம்.

மாணவ நண்பர்கள் மார்கழிக்குப் பின் ஒரு விடுமுறை நாளில் அங்குச் செல்வார்களாக. கூடுகளின் கீழ்க் கூச்சலிடாமல், ஊரார் காட்டும் வழியில் நடந்து காண்பார்களாக. திரும்பி வந்தபின், தத்தம் ஊர்க் குளத்தில் நீர் வரும் வழி திறந்திருக்கிறதா, கரையில் மரம் நிற்கிறதா என்று பார்ப்பார்களாயின், அப்பயணம் பயனுடையதாகும்.